கடல்புல் மேல் ஓடிய எஞ்சின்

சென்ற மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவள். பாக் நீரிணையின் கடல்புல் வரைபடத்தைப் புதிதாகப் போடுகிறார்களாம். இப்போது ட்ரோன் பறக்கிறது. செயற்கைக்கோள் படங்கள் தவறாமல் வந்து இறங்குகின்றன. எது புல், எது மணல், எது பாசி என்று கணினியே பிரித்து நிறமும் கொடுத்துவிடுகிறது. என் காலத்து வரைபடத்தில் அங்கங்கே சாம்பல் நிறத் திட்டுகள் இருக்கின்றனவே, அவை தகவல் விட்டுப்போன இடங்களா, கணினியை வைத்து நிரப்பிவிடலாமா என்று கேட்டாள். விட்டுப்போன இடமில்லை, யாரும் இறங்கிப் பார்க்காத இடம் என்று சொன்னேன். "தண்ணிக்குள்ள இறங்குறது அவ்வளவு கஷ்டமாங்க மேடம்?" என்றாள்.

கஷ்டம் என்ற சொல் சரியில்லை என்று பட்டது. போனில் சொல்ல வரவில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது.

நான் பாபநாசத்துக்குத் தெற்கே வாய்க்கால் ஓரத் தெருவில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். விடுமுறையில் நானும் நடவுக்கு இறங்கியிருக்கிறேன். சேறு எனக்குப் பழக்கம். ஆனால் நான் அறிந்த சேறு முழங்காலோடு நின்றுவிடும், அதற்குக் கீழே தரை இருக்கும். கும்பகோணத்தில் புவியியல் படித்தேன். பிறகு செயற்கைக்கோள் படங்களைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு படிப்பு. கடலோர வளங்களை வரைபடமாக்கும் அரசு அலுவலகம் ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளர் வேலை கிடைத்தது. மேசை வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். நீச்சல் தெரியாது. அடுத்த ஆண்டுக்குள் நீச்சல் கற்றுக்கொண்டு, முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு மூழ்கும் பயிற்சியையும் முடித்திருந்தேன். பயிற்சி முழுக்க எனக்கு வாந்தி வந்தது. சான்றிதழ் கொடுத்தவர், நீ பாஸானது எனக்கே ஆச்சரியம்தான் என்றார்.

அந்தப் பயிற்சிக்கு என்னை அனுப்பியவர் தேவசகாயம் சார். எங்கள் பிரிவின் தலைவர், தரங்கம்பாடிக்காரர். ஒல்லியான உடம்பு. கடலுக்குள்ளும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். மூக்குக்கண்ணாடியில் ஒரு நூலைக் கட்டித் தலைக்குப் பின்னால் முடிந்திருப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. படகு தள்ள வருகிறவரிலிருந்து சென்னை அதிகாரிவரை எல்லோரையும் 'நீங்க' என்றுதான் அழைப்பார். கடலுக்குப் போகும் காலைகளில் எங்களைப் படகின் ஓரமாக நிறுத்திவைத்து, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். "இன்னைக்குப் பயம் எப்படிங்க இருக்கு?"

இல்லை என்று சொல்பவரை அன்று இறக்க மாட்டார். ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து நன்றாக நீந்தக்கூடிய அதிகாரி ஒருவர் வந்தார். பயமா, எனக்கா என்று சிரித்தார். சார் அவரைப் பகல் முழுக்கப் படகிலேயே உட்காரவைத்துவிட்டார். கரைக்குத் திரும்பும் வழியில் அவர் கோபமாகக் காரணம் கேட்டபோது, "பயமில்லாதவங்களுக்குத் தண்ணிக்குள்ள காது கேக்குறதில்லைங்க" என்று மட்டும் சொன்னார்.

காது அவ்வளவு முக்கியமாவது ஏன் என்று தெரிய, எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதிராம்பட்டினத்திலிருந்து தெற்கே நீளும் கரையோரம் கடல் ஆழமில்லாதது. அடியில் மைல் கணக்கில் புல் வளர்கிறது. நெல் நாற்றங்காலைத் தண்ணீருக்குள் போட்டதுபோல இருக்கும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் நண்டும் அதில்தான் வளர்கின்றன. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசுவுக்கு அந்தப் புல்லைத் தவிர வேறு தீனி கிடையாது. ஆனால் வானத்திலிருந்து எடுத்த படத்தில் புல்லும் கறுப்பு, பாசியும் கறுப்பு, களிமண் தரையும் கறுப்பு. எது எது என்று தெரிய ஆள் இறங்கிப் பார்த்தாக வேண்டும்.

இருவர் இருவராக இறங்குவோம். கீழே ஒரு நீளக் கயிற்றை நேராகப் போட்டு, ஆளுக்கொரு முனையில் தொடங்கி, முடிச்சு முடிச்சாக நடுவை நோக்கி வருவோம். ஒவ்வொரு முடிச்சிலும் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் எவ்வளவு புல், என்ன வகை, தரை மணலா சேறா என்று பலகையில் பென்சிலால் எழுத வேண்டும். பெரும்பாலான நாட்கள் நீட்டிய கை தெரியாது. கலங்கிய தண்ணீரில் கூட இருப்பவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அடையாளம் அந்தக் கயிறுதான். ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு இழுப்பு என்றால் என்னிடம் வா. விடாமல் இழுத்தால் மேலே போ.

யாரும் இறங்காத இடத்துக்குச் சார் பச்சை போட விட மாட்டார். சாம்பல்தான். மேலிடத்துக்கு அந்தச் சாம்பல் பிடிக்காது. கூட்டங்களில் அதைக் காட்டி வேலை முடியவில்லையா என்று கேட்பார்கள். முடியலைங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

எஞ்சின் சத்தத்தைப் பற்றி அவர் சொல்லிக்கொடுத்தது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. தண்ணீருக்குள் சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதுபோல இருக்கும், எங்கிருந்து என்று தேடாதீர்கள், கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும் கேளுங்கள் என்பார். சாதாரணப் படகு என்றால் மேலே வரக் கூடாது, எஞ்சின் விசிறி தலையைச் சீவிவிடும். தரையோடு ஒட்டிப் படுத்துப் புல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இழுவை மடி, அதாவது தரையோடு இழுத்து வரும் பெரிய வலை, போட்ட விசைப்படகு என்றால் நேர்மாறு. மடி தரையைச் சுரண்டிக்கொண்டு வரும்; படுத்திருப்பவரை அள்ளிக்கொண்டு போகும்; உடனே மேலே எழும்ப வேண்டும்.

"ரெண்டும் ஒரே மாதிரி எஞ்சின்தானே சார். கீழ இருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்டுபிடிக்க முடியாதுங்க. அதனாலதான் அவங்க வராத நாளாப் பார்த்து இறங்குறோம்."

எங்கள் கரையில் விசைப்படகுகளுக்குச் சில நாள், நாட்டுப்படகுகளுக்குச் சில நாள் என்று முறை உண்டு. விசைப்படகுகள் கரைக்கு இவ்வளவு அருகில் எந்த நாளும் வரக் கூடாது என்றும் சட்டம் உண்டு. நாங்கள் நாட்டுப்படகு நாட்களில் மட்டும் இறங்கினோம்.

என்னோடு இறங்கியவள் வசந்தி. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் மகள். தோப்புக் கிணற்றில் சின்ன வயதிலேயே நீந்தப் பழகியவள். தண்ணீரில் என்னைவிட ஆயிரம் மடங்கு திறமைசாலி. ஆனாலும் காலையில் சாரின் கேள்விக்கு, "வயித்துல புளியக் கரைக்குது சார்" என்பாள். அது நடிப்பில்லை. இறங்குவதற்குமுன் அவள் கை என் கையைப் பிடிக்கும்போது சில்லென்றிருக்கும். எங்கள் ஃபைபர் படகை ஓட்டியவர் சிக்கந்தர் பாய். அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்.

அன்று நாட்டுப்படகு நாள். காற்று இல்லை. படகில் சிவப்புக் கொடியும் அரசுச் சின்னம் போட்ட பதாகையும் கட்டியிருந்தது. சாரும் பாயும் படகில் இருக்க, நானும் வசந்தியும் இறங்கிக் கயிற்றைப் போட்டோம். அடர்ந்த புல், அந்தப் பருவத்தில் நாங்கள் பார்த்ததிலேயே நல்ல இடம். மூன்றாவது முடிச்சில் சட்டத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தபோது காதில் ஒரு இரைச்சல் விழுந்தது. முதலில் பாயின் எஞ்சின் என்று நினைத்தேன். எழுதுவதை நிறுத்திக் கேட்டேன். சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

ஒரு இழுப்பு இழுத்தேன். வசந்தி ஒரு இழுப்பு இழுத்தாள். உடனே படுத்தேன். கை நிறையப் புல்லைப் பிடித்துக்கொண்டேன். பிறகு இது மடிப்படகாக இருந்தால் என்ற எண்ணம் வந்தது. எழ வேண்டும். எழுந்து, அது வெறும் படகாக இருந்து, தலைக்கு நேர் மேலே இருந்தால்? சத்தம் இப்போது பல்லுக்குள் அதிர்ந்தது. நெஞ்செலும்பில் அதிர்ந்தது. சார் சொன்னதை மீறி எந்தப் பக்கம் என்று தேடித் தலையைத் திருப்பினேன். எல்லாப் பக்கமும் ஒரே பச்சைக் கலங்கல். அப்போது புல் முழுவதும் ஒரே திசையில் சாய்ந்தது. என் இடப்பக்கம் தரையிலிருந்து சேறு எழும்பி, சுவர் மாதிரி நின்று, நகர்ந்து வந்தது. மடியின் வாயை விரித்துப் பிடிக்கும் கனமான மரப்பலகை தரையை உழுதுகொண்டு வரும்போது எழும்பும் சேறு அது. கயிற்றை விடாமல் இழுத்தேன். இழுத்துக்கொண்டே காலை உதைத்து மேலே கிளம்பினேன். அடுத்த கணம் கயிறு என் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. கையுறையைக் கிழித்து உள்ளங்கைத் தோலையும் எடுத்துக்கொண்டு போனது.

மேலே வந்தபோது விசைப்படகின் பின்பக்கம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் இரண்டு கம்பி வடங்கள் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. வசந்தி மேலே வரவில்லை.

பாய் படகைக் கொண்டுவந்து என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். "அந்தப் புள்ள எங்கம்மா?" என்றார். நான் வடங்களைக் காட்டினேன். பாய் எஞ்சினை முழு வேகத்தில் விட்டார். அவரும் நானும் கையை ஆட்டிக் கத்தினோம். விசைப்படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்ததும் படகின் வேகம் கூடியது.

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. சார் புரிந்துகொண்டார். தடை செய்யப்பட்ட நாள், தடை செய்யப்பட்ட இடம், துரத்தி வருவது அரசுப் பதாகை கட்டிய படகு. பிடிக்க வருகிறோம் என்று ஓடுகிறார்கள். நாங்கள் துரத்தத் துரத்த அவர்கள் வேகம் கூடும். அந்த வேகத்தில் கீழே வசந்தி இழுபட்டுக்கொண்டிருக்கிறாள்.

சார் எழுந்து பதாகையைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தார். எங்களைக் கையை இறக்கச் சொன்னார். படகின் முன்முனைக்குப் போய் முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பி அப்படியே இருந்தார். அலை அடித்து அவர் முகத்தில் விழுந்தது. கையை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் சுக்கானைப் பிடித்திருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். மறுபடி திரும்பிப் பார்த்தார். துரத்தி வருகிற அதிகாரி எதற்காகக் கும்பிடுகிறார் என்று குழம்பியிருக்க வேண்டும். எஞ்சின் சத்தம் இறங்கியது.

அந்த ஆளின் பெயர் முருகையன் என்று பிறகு தெரிந்தது. படகின் டிரைவர், சொந்தக்காரர் இல்லை. அருகில் போனதும் சார் சாதாரணக் குரலில், "மடிக்குள்ள எங்க பொண்ணு இருக்காங்க" என்றார்.

முருகையனின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆட்களை விலக்கிவிட்டு, வடம் சுற்றும் எந்திரத்தை அவரே இயக்கினார். வேகமாகச் சுற்றினால் அவள் பலகையில் மோதுவாள், மெதுவாகச் சுற்றினால் காற்று தீர்ந்துவிடும் என்று பாய் பக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அது என் காதில் பிரார்த்தனைபோல விழுந்தது. முதலில் பலகைகள் வந்தன. பிறகு மடியின் வாய். அதில் எங்கள் கயிறு சுற்றியிருந்தது. அதன் பின்னால், முதுகு உருளை வலையில் மாட்டி, ஒரு கால் பின்பக்கமாக முறுக்கிக்கொண்டு வசந்தி.

முருகையன் கத்தியோடு தண்ணீரில் குதித்தார். மடியின் வாயைத் தாங்கும் மேல்வடத்தையே அறுத்தார். அதை அறுத்தால் மடி இனி உதவாது என்று படகில் ஒருவர் கத்தினார். அவர் காதில் வாங்கவில்லை. வசந்தியை எங்கள் படகுக்குத் தூக்கினோம். முகக்கண்ணாடி இல்லை. கண் திறந்திருந்தது. காற்றுக் குழாயின் ரப்பரைக் கடித்தபடி இருந்தாள். மேலே வந்துவிட்டாய், விட்டுவிடு என்று நான் சொல்லியும் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. தாடை பூட்டிக்கொண்டிருந்தது. பாய் தேங்காய் எண்ணெய் தடவி விரலை விட்டு மெல்லத் திறந்தார். ரப்பர் இரண்டாகக் கடிபட்டிருந்தது.

அப்போதுதான் மடியின் பின்முனையில் மீன் சேரும் பை மேலே மிதந்து வந்தது. அதில் மீனோடு சாம்பல் நிறத்தில் பெரிதாக ஏதோ இருந்தது. முருகையன் தண்ணீரில் இருந்தபடியே அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தார். ஆவுளியா. நம்மைப்போல மேலே வந்து மூச்சுவிட வேண்டிய பிராணி. மடிக்குள் மாட்டி நெடுநேரம் ஆகியிருக்க வேண்டும். செத்திருந்தது. வாயோரத்தில் பாதி மென்ற புல் தொங்கியது.

அதைக் கொன்றால் சிறை என்று அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். முருகையன் எங்கள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சாரைப் பார்த்தார்.

"ஐயா, இது உள்ள கெடந்தது சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. பையை அறுத்து விட்டுடுறேன். கடலோட போயிடட்டும். நீங்க பாக்கலன்னு வச்சுக்குங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

சார் வசந்தியின் தலையைத் தன் தொடைமேல் வைத்திருந்தார். அந்த நேரத்தில் அவர் என்ன சொல்ல வேண்டும் என்று நான் விரும்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. என் தோழியைக் காப்பாற்றிய கை அது. அதே கை இழுத்த மடியில்தான் அந்தப் பிராணி மூச்சு முட்டிச் செத்தது.

"ரெண்டையும் சொல்லுவேங்க" என்றார் சார். "நீங்க மடியை அறுத்து எங்க பொண்ணக் காப்பாத்துனதையும் சொல்லுவேன். இது செத்ததையும் சொல்லுவேன். சாயங்காலம் வனத்துறை ஆபீசுக்குப் போவேன். அதுக்கு முன்னாடி நீங்களாப் போயிட்டீங்கன்னா உங்களுக்கு நல்லது. இதை விட்டுட வேணாம். கரைக்குக் கொண்டாங்க."

வசந்தியைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொடை எலும்பும் தோள்பட்டையும் முறிந்திருந்தன. சார் அவளுடைய அப்பா வரும்வரை இருந்துவிட்டு, ஈரம் காயாத அதே சட்டையோடு வனத்துறை அலுவலகத்துக்குப் போனார். அவர் போய்ச் சேர்ந்தபோது முருகையன் மனைவியோடு வாசலில் உட்கார்ந்திருந்தாராம். ஆவுளியாவும் கரைக்கு வந்திருந்தது. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது வயிறு முழுக்க நாங்கள் வரைந்துகொண்டிருந்த இடத்தின் புல்.

இரண்டு நாள் கழித்து, வெயில் சாயும் நேரத்தில், நாங்கள் தங்கியிருந்த லாட்ஜுக்கு மூன்று பேர் வந்தார்கள். படகுச் சொந்தக்காரர் அனுப்பியவர்கள். சார் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் தனியாக இருந்தேன். மரியாதையாகப் பேசினார்கள். வசந்திக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். அன்று கடலில் எங்கே இருந்தோம் என்று எனக்குச் சரியாகத் தெரிந்திருக்காது, தண்ணீருக்குள் இருந்தவளுக்கு மேலே நடந்தது எப்படித் தெரியும் என்றார்கள். புறப்படும்போது அவர்களில் வயதானவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"உங்களுக்கு பாபநாசத்துப் பக்கமாமே. அப்பா போனதுலேருந்து அம்மா தனியாத்தான் இருக்காங்களாம். வயசானவங்க, பாத்துக்குங்கம்மா."

அவர்கள் போன பிறகு கதவைப் பூட்டினேன். பூட்டியதா என்று இழுத்துப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். கும்பகோணத்தில் இருந்த அக்காவுக்குப் போன் செய்து, அம்மாவை அவள் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. தண்ணீருக்குள் இருந்த பயம் எஞ்சின் போனதும் போய்விட்டது. இந்தப் பயம் என்னோடு பேருந்தில் வந்தது, சாப்பாட்டில் உட்கார்ந்தது. தெருவில் பின்னால் மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தால் ஓரமாகச் சுவரை ஒட்டி நின்றுவிடுவேன். சாரிடம் சொன்னபோது அவர் தைரியம் சொல்லவில்லை. என்னிடமும் வந்தார்கள் என்றார். காவல் நிலையத்தில் எழுதிக்கொடுக்க என்னை அழைத்துப் போனார். பிறகு கொஞ்ச காலம் அலுவலகம் முடிந்து தினமும் என்னை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே விளக்கு எரிவதைப் பார்த்த பிறகுதான் போவார்.

வரைபடத்தை ஒப்படைக்கும் நாள் நெருங்கியது. விபத்து நடந்த அந்த இடம் மட்டும் முடியாமல் நின்றது. சாம்பல் போட்டுவிடலாம், யாரும் போக வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். அந்த இடத்தின் வழியாகத்தான் கப்பல் துறைக்கு ஒரு கால்வாய் தோண்டலாமா என்று அப்போது பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. சாம்பல் என்றால் அங்கே எதுவும் இல்லை என்று அர்த்தப்படுத்திக்கொள்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் போகிறேன் என்று சொன்னேன். சொன்ன பிறகு கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

என்னோடு இறங்க அலுவலகத்தில் ஆள் இல்லை. சார் இறங்கினார். அவருக்கு அப்போதே ஓய்வு பெறும் வயது நெருங்கியிருந்தது. பாய் தன் செலவில் இரண்டு நாட்டுப்படகுகளைக் காவலுக்கு அழைத்து வந்திருந்தார். கீழே இருந்த நேரம் முழுக்க எனக்குக் காதில் எஞ்சின் கேட்டுக்கொண்டே இருந்தது. நின்று கேட்டால் இருக்காது. நகர்ந்தால் மறுபடி கேட்கும். அது என் இரத்தம் ஓடும் சத்தம் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் புல்லைப் பிடித்துக்கொண்டேன். சார் தன் முனையிலிருந்து ஒரு இழுப்பு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு இழுப்பு என்று இழுத்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் பயம் என்பது கயிற்றில் தெரிந்தது.

அடர்ந்த புல்லின் நடுவே மடி போன தடம் இருந்தது. அறுவடை முடிந்த வயல் அல்ல, வேரோடு பிடுங்கிய தரை. அதன் இரண்டு ஓரமும் பலகை உழுத பள்ளங்கள். தடத்தின் அகலத்தை அளந்து எழுதினேன். அதற்கு அப்பால் மறுபடி புல் தொடங்கும் இடத்தில், ஆவுளியா மேய்ந்த வளைந்த கோடுகள் இருந்தன. புதிய கோடுகள். வேறு ஒன்று அங்கே மேய்ந்துகொண்டிருந்தது. வரைபடத்தில் அந்த இடம் பச்சையாகவும், நடுவில் வெறுமையான பட்டையாகவும் போனது. கால்வாய்ப் பேச்சு பிறகு அடங்கிவிட்டது. எங்கள் வரைபடத்தால்தான் என்று சொல்ல மாட்டேன். பிற்காலத்தில் அந்தக் கடற்பகுதியை ஆவுளியாவுக்கான காப்பகமாக அரசு அறிவித்தபோது, ஆதாரமாக வைத்த பலருடைய வரைபடங்களில் எங்களுடையதும் இருந்திருக்கும்.

வழக்கு நீண்டது. சாட்சி சொல்ல அழைப்பு வந்தபோது சார் ஓய்வு பெற்றிருந்தார். தரங்கம்பாடியிலிருந்து பேருந்தில் வந்து எனக்கு முன்பே நீதிமன்ற வாசலில் நின்றிருந்தார். அன்று லாட்ஜுக்கு வந்த மூன்று பேரில் இருவர் மரத்தடியில் நின்றார்கள். படகுச் சொந்தக்காரர் அன்று ஊரிலேயே இல்லை என்று நிரூபித்துவிட்டார். கூண்டில் முருகையன் மட்டும் நின்றார். நான் பார்த்ததைச் சொன்னேன். அந்தப் பிராணி அந்த மடியில்தான் இருந்தது என்றேன். மேல்வடத்தை அறுத்து ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றியவரும் இவர்தான் என்றேன். தானே வந்து ஒப்புக்கொண்டதையும் எங்கள் சாட்சியத்தையும் வைத்து, ஏற்கெனவே சிறையில் இருந்த காலத்தோடும் அபராதத்தோடும் நீதிபதி முடித்தார். வெளியே வந்த முருகையன் எங்களைப் பார்க்காமல் போய்விட்டார்.

வசந்தி நடந்தாள். இடது காலை இழுத்துத்தான் நடக்கிறாள். கடலுக்குத் திரும்பவில்லை. படங்களைப் படிக்கும் பிரிவுக்கு மாறி, அங்கே எங்கள் எல்லோரையும்விட மேலே போனாள். இன்றும் கடற்கரைக்குக் கூப்பிட்டால் வர மாட்டாள். நான் ஓய்வு பெறும் வருடம்வரை இறங்கிக்கொண்டிருந்தேன். பழகிப்போயிற்றா என்று கேட்பவர்களுக்கு இல்லை என்பதுதான் பதில்.

முருகையனை இன்னொரு முறை பார்த்தேன். போன வருடம், பட்டுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில். வசந்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். தலை நரைத்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு நெருங்கி வந்தார். அடையாளம் தெரிந்ததும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். ஓடலாமா என்றுகூட நினைத்தேன்.

"அந்தப் புள்ள நடக்குதாங்களா?" என்று கேட்டார்.

நடக்கிறாள் என்றேன். இப்போதும் படகுக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். வேறு முதலாளி, தள்ளிப்போய்த்தான் மடி போடுகிறோம், வேறு என்ன தொழில் தெரியும் என்றார். பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டாராம். பிறகு பேருந்து வரும் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"அன்னைக்கு மடி மேல வரயில எனக்கு மொதல்ல ஒரு கைதாங்க தெரிஞ்சுது. வலைக்கண்ணு வழியா வெளிய நீட்டிக்கிட்டு. வெரலு அசைஞ்சுது. இத்தன வருசம் ஆச்சு, இப்பவும் மடி ஏறும்போது நான் திரும்ப மாட்டேங்க. சுக்கானப் புடிச்சுக்கிட்டு முன்னாடியே பாத்துக்கிட்டு நிப்பேன். வெறும் மீனுதாண்ணேன்னு பசங்க சொன்னப்பறந்தான் மூச்சு வுடுவேன்."

அவருடைய பேருந்து வந்தது. ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். வண்டி கிளம்பும்போது நானும் விடைகொடுக்கக் கையைத் தூக்கினேன். பாதி தூக்கியதும் அவர் கண் என் விரல்களில் நிற்பதைப் பார்த்தேன். கையைக் கீழே இறக்கிவிட்டேன்.